இரவல் வயது

அன்புள்ள அண்ணா,

துய் ஹவாவில், சவுக்குத் தோப்பை ஒட்டி நாங்கள் வாங்கிய மனைக்குப் பத்திரம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு முதல் மண் வெட்ட நீ வருவதாக ஹான் சொன்னாள்.

எனக்கு இந்த வருடம் முப்பத்து மூன்று. இந்த வயதுக்காரன் தன் வீட்டுக்கு மண் வெட்டினால் அவன் பிள்ளைக்கு ஆகாது என்றார் சோதிடர். ஹானுக்கு இது ஐந்தாம் மாதம். அதனால்தான் எனக்குப் பதில் நீ மண் வெட்டும்படி உன் வயதை இரவல் கேட்டேன். போனில் நீ சிரித்தாய்.

"நாப்பத்தி மூணுடா. எடுத்துக்கோ. திருப்பித் தரும்போது கொஞ்சம் குறைச்சுக் குடு!"

நானும் சிரித்தேன். ஆனால் சோதிடர் சொன்னதில் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். மீதி இது:

"கெட்டது காணாமப் போயிடாது தம்பி. வயசு குடுத்தவர் பக்கம் சாயும். கடலுக்குப் போறவரா? யோசிங்க."

சோதிடர் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் ஹான் என் கையைப் பிடித்தாள். "அண்ணிக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க. வாயைத் திறக்காதீங்க."

நீ திங்கட்கிழமை படகேறுகிறாய்.

இதையெல்லாம் நம்புவதில்லை என்று உன்னோடு எத்தனை முறை வாதாடியிருக்கிறேன். நம்பாதவன் மண்வெட்டியைத் தானே எடுத்திருப்பான். எனக்குக் கை வரவில்லை. ஹானின் வயிற்றைப் பார்த்தால் உன்னைக் கூப்பிடத் தோன்றுகிறது. உன் படகை நினைத்தால் மனையையே விற்றுவிடத் தோன்றுகிறது.

வராதே, அண்ணா. காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிவிடு. நீ வந்து நின்றால் உன்னைத் தடுக்க எனக்குத் தைரியம் இருக்காது.

உன் தம்பி