நீ கேட்ட பெஞ்சு

நேற்று காஜா பேராங் சாலையில் டயர் கடையைக் கடந்தபோது புது ரப்பர் வாசம் முகத்தில் அடித்தது. மேலே நடக்க முடியாமல் நின்றுவிட்டேன். அந்த வாசத்தோடுதான் நீ அந்தியில் வீடு திரும்புவாய். எவ்வளவு சோப்பு போட்டாலும் உன் கூந்தலை விட்டுப் போகாது.

நீ வேலை பார்த்தது வெள்ளைக்காரக் கம்பெனியின் பெரிய ரப்பர் கொட்டகையில். விளக்குப் போட்ட கண்ணாடி மேசையில் ரப்பர் தகடுகளை விரித்து, அழுக்குப் புள்ளிகளைக் கத்தரியால் வெட்டி எடுப்பது உன் வேலை. காலையிலிருந்து சங்கு ஊதும்வரை நின்றபடியே. நம் பிள்ளை வயிற்றிலேயே கலைந்ததும் அங்கேதான். உடம்பு தேறுமுன்னே மறுபடியும் வேலைக்குப் போனாய். "வீட்டுல சும்மா கெடந்தா அழுகதாங்க வருது" என்றாய்.

மெர்டேக்கா என்று நாடே சுதந்திரம் கொண்டாடிய மறுவருஷம், பெண்களை மேற்பார்வையிட ஒரு பெண்ணையே மண்டோராக வைக்கப்போகிறார்கள் என்று சொல்லி உன்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். நடமாடிக்கொண்டே செய்கிற வேலை, சம்பளமும் கூட. நீ உள்ளே போனாய். நான் கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றேன்.

"என்ன கேட்டாங்க?"

"பொம்பளைங்க வேலைய எப்படி வேகமாக்குவேன்னு துரை கேட்டாரு. ஆபீஸ் கிராணிதான் அத தமிழ்ல சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"உக்கார பெஞ்சு போடுங்க, வேகம் தானா வரும்னேன். துரைக்கு மொகம் செவந்து போச்சு. 'வேற ஏதாச்சும் சொல்லும்மா'ன்னு கிராணி கெஞ்சினாரு. வேற ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

வேலை வேறொருத்திக்குப் போனது. "சும்மா இருந்திருந்தா உனக்குக் கெடைச்சிருக்கும்" என்றேன்.

"கெடைச்சிருக்கும். அப்புறம் அவங்கள நிக்க வச்சு நானே வேல வாங்கணுமா?"

மழைக்காலம் தொடங்கியபோது மேசைகளுக்குப் பக்கத்தில் பெஞ்சுகள் வந்தன. யார் கேட்டு வந்தவை என்று எவரும் சொல்லவில்லை. அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு இன்னிக்கி உக்காந்து வேல பாத்துச்சு" என்று வாசலிலேயே சிரித்தாய். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய். நமக்கு மறுபடி பிள்ளை வாய்க்கவே இல்லை.

நீ போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. வாசலில் யார் வந்து நின்றாலும், என்ன ஏது என்று கேட்குமுன் "உக்காருங்க" என்றுதான் என் வாயில் வருகிறது. இன்று காலை தபால்காரருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நேரமில்ல அங்கிள்" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறும்வரை அந்த நாற்காலியை உள்ளே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.