கடப்பாரை காட்டிய வடக்கு

மார்ச் 3

இன்று காலை பத்தரை மணிக்கு என் சமையலறையில் மனித குல வரலாறு தலைகீழாகப் புரண்டது. புரட்டியவர் என் மனைவியின் அண்ணன். தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது பூமிக்கே முத்திரை குத்தக் கிளம்பிவிட்டார்.

பூமி பம்பரம் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுகிறதாம். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருடம். ஒரு டிகிரிக்கு எழுபத்திரண்டு. இதுவரை சரி. நில அளவைத் துறையில் குப்பை கொட்டிய எனக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் மச்சானின் தலை ஆட ஆரம்பித்தது. எங்கள் தெருவோரம் வரிசையாக நிற்கும் ஏழு கற்களும், கடலில் மூழ்கிப்போன ஒரு மகா நாகரிகம் நட்டவையாம். அன்றைய வடக்கைக் காட்டுகின்றனவாம்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு வடக்குலேர்ந்து பதினோரு டிகிரி தள்ளி நிக்குது. சும்மாவா?"

நான் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

மார்ச் 4

பதினொன்றை எழுபத்திரண்டால் பெருக்கினால் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வருடம். "மகா நாகரிகத்துக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கே மச்சான்" என்றேன். யோசித்தார். "அப்ப ஒரு ரவுண்டு சேர்த்துக்கணும்" என்றார். ஒரே மூச்சில் இருபத்தாறாயிரம் வருடம் ஏறிவிட்டது! தங்கம்கூட இப்படி ஏறுவதில்லை.

மார்ச் 9

கற்களைப் பார்க்கப் போனோம். மச்சான், அவர் மகள், நான். ஒவ்வொரு கல்லிலும் ஓர் அம்புக்குறி. "தனுசு ராசி!" என்று மச்சான் அலறியதில் மின்கம்பி மேலிருந்த காக்கைகள் அடுத்த கண்டத்துக்கே பறந்துவிட்டன.

மகள் கைப்பேசியை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "மாமா, இந்தத் தெருவை அளந்ததே நீங்கதானே? அப்பவே இந்தக் கல்லு இருந்துச்சா?"

என் வாய் சும்மா இருக்குமா? "அப்பவே பாசி பிடிச்சுக் கிடந்துச்சும்மா. எங்க கடப்பாரையே அதைத் தொடப் பயந்துச்சு."

மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார்.

மார்ச் 10

கடப்பாரை. அந்த வார்த்தை ஏன் என் வாயில் வந்தது?

மார்ச் 12

சரி. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

அந்தக் கற்களை நட்டவன் நான். அந்த அம்புக்குறி எல்லா எல்லைக்கல்லிலும் நாங்கள் கொத்துவதுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், மண்டை பிளக்கும் வெயிலில், கடப்பாரையைத் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துவிட்டேன். முள் வடக்கை மறந்து இரும்பைப் பார்த்தது. மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதற்குள் சிமெண்டும் இறுகிவிட்டது, என் வாயும் இறுகிவிட்டது.

பிறகு வீடுகள் வந்தன. முன்சுவர் கல் வரிசையைப் பார்த்துப் போனது, பக்கச்சுவர் அடுத்த தெருவைப் பார்த்துப் போனது. எந்த அறைக்கும் மூலை சேரவில்லை. எல்லோரும் வீடுகளைக் கட்டிய கொத்தனாரை ஏசினார்கள். 'கோணல் கொத்தனார்' என்று பெயர் வைத்தது யார்? நான்தான். என்ன பொருத்தமான பெயர் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அப்புறம் அவருக்கு யாரும் முழு வீட்டு வேலை கொடுக்கவில்லை. விரிசல் பூசத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஊர் வைத்த பெயர் 'நூல் மாமா'. நூல் பிடித்த மாதிரி நேராம். த்தூ.

மார்ச் 16

வரும் 21-ம் தேதி நூலக அரங்கில் மச்சானின் உரை. துண்டறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'நேரில் கண்ட சாட்சி'.

மனைவி சொன்னாள்: "எங்க அண்ணன் இப்பதான் சிரிச்ச முகமா இருக்கார், கெடுத்துடாதீங்க." பிறகு, "அந்தக் கொத்தனாரும் வர்றாராம். கல்லு அந்தக் காலத்துதுன்னு நீங்க சொல்லிட்டா, சுவர் கோணினது அவர் தப்பு இல்லைன்னு ஆயிடுமாம்."

ஒரு சாட்சியைத் தேடிக் கொத்தனார் இருபத்தாறாயிரம் வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. சாட்சி நாலு வீடு தள்ளித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். மேடையில், ஒலிவாங்கியில். கல், கடப்பாரை, பெயர் வைத்தது, எல்லாம்.

மச்சான் ஒரு நிமிடம் வெளிறிப்போனார். அப்புறம் கண் பளிச்சிட்டது. "மாப்பிள்ளை, கடப்பாரையை அங்க வைக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது? யோசிச்சுப் பாருங்க!" கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. மகா நாகரிகம் என் கையைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறதாம். அந்த மனிதரை இடியாலும் அசைக்க முடியாது.

கொத்தனார் கைதட்டவில்லை. எழுந்தார். "முப்பத்தொரு வருஷம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 22

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

தெருப் பிள்ளைகளுக்கு நான் இப்போது 'கோணல் மாமா'. பொருத்தமான பெயர்.

சமையலறை மூலையை இடித்துக் கட்ட மனைவி கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தாள். வந்தார். என்னிடம் பேசவில்லை. நூலை உருவி, ஒரு முனையை ஆணியில் கட்டினார். மறுமுனையை என்னிடம் நீட்டியவர், பாதியில் நிறுத்தினார்.

"பையில இரும்பு ஏதாச்சும் இருக்கா?"

நூலை இரும்பு ஒன்றும் செய்யாது. அது அவருக்குத் தெரியாதா என்ன?

சாவிக்கொத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"ஆடாமப் பிடிங்க."

பிடித்தேன்.