சுவரிலிருந்து கழற்றிய படம்

மே 29, 2025, வியாழன்

மகள் துஷானியின் கலியாண எழுத்துக்கு, அதுதான் பதிவுக்கு, எடுத்த மண்டபத்தை இன்று போய்ப் பார்த்தோம். ஸ்காபரோவில் பழைய படைவீரர் சங்கத்தின் மண்டபம். எல்லாரும் லீஜன் ஹோல் என்பார்கள். அங்கே கூட்டித் துடைத்து, சாவியும் வைத்திருக்கிற அகஸ்ரின் எங்கள் கட்டிடத்தில் இருப்பவர். அவர் சொல்லித்தான் கிடைத்தது. இடம் நல்லது, சமையலறை துப்புரவு, கார் விடவும் வசதி. ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. மேடை அலங்காரச் சோடனை வரப்போகிற சுவர் முழுக்கச் செத்தவர்களின் படங்கள். இரண்டாம் உலகப்போரில் நோர்மண்டிக் கடற்கரையில் போய் இறங்கியவர்களாம். தொப்பியும் சிரிப்புமாக, எல்லாம் இருபது வயதுப் பெடியன்கள்.

பிள்ளை கையெழுத்து வைக்கும்போது தலைக்குமேல் செத்தவர்கள் நின்றால்? சம்பந்தி கமலாம்பிகை வாயால் ஒன்றும் சொல்லமாட்டா. கண்ணாலேயே என்னை உரித்துவிடுவா.

மே 31, சனி

எழுத்து நல்லபடி முடிந்தது. இனித் தாலிகட்டு ஆகஸ்டில். துஷானியும் ராகுலனும் சிரித்த சிரிப்புக்கு என்னுடைய கால் வீக்கமெல்லாம் பறந்துவிட்டது.

படங்களைக் கழற்றுவித்தேன். சோடனைக்கு வந்த யசிந்தன், "அன்ரி, கேக்காமல் கழட்டலாமோ?" என்றான். "எழுத்து முடிய மாட்டிவிடுவம் தம்பி" என்றேன். மாட்டினான். நான் நின்று பார்க்கவில்லை, வீட்டுக்குப் போகிற அவசரம்.

ஜூன் 3, செவ்வாய்

அகஸ்ரின் போன் அடித்தார். படம் ஒன்று குறைகிறதாம். பில்லி என்கிற பெடியனுடையது. அவனுடைய தங்கச்சி டொரதி, தொண்ணூறு கடந்த மனுசி, வருசா வருசம் ஜூன் ஆறாம் திகதி வந்து அந்தப் படத்துக்குக் கீழே கதிரை போட்டு இருப்பாவாம். அன்றைக்குத்தான் அவர்கள் கரையிறங்கியது. இவன் படகிலிருந்து குதித்தவன், தண்ணீருக்குள்ளேயே போய்விட்டானாம்.

"அக்கா, நீங்கள் படங்களிலை கை வைக்கேல்லைத்தானே?"

"சீச்சீ, நாங்கள் ஏன் தொடுறம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தொட்டோம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்ல? உங்கள் பிள்ளைகள் எங்களுக்கு அபசகுனம் என்றா?

ஜூன் 4, புதன்

யசிந்தனைப் பிடித்துக் கேட்டேன். சோடனைச் சாமான்கள் பிறம்ரனில் ஒரு கிடங்கில் கிடக்கின்றனவாம், போய்த் தேடுகிறேன் என்றான்.

அண்ணாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனும் சண்டையில்தான் போனவன். அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தில் எல்லாம் போயிற்று. அவனுடைய மூக்கு எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. போன மாதம்தான் முள்ளிவாய்க்கால் நினைவுக்குப் போய் விளக்குக் கொளுத்தி, அழுது, கஞ்சியும் குடித்துவிட்டு வந்தேன். வந்த கையோடு இன்னொருத்தியின் தமையனைச் சுவரிலிருந்து இறக்கியிருக்கிறேன். வேறு ஆரும் செய்திருந்தால் தெரியாமல் செய்தது என்று விடலாம். நான் செய்யலாமோ? எனக்குத் தெரியாதோ?

ஜூன் 5, வியாழன்

படம் கிடைத்துவிட்டது. சோடனையின் சிவப்பு வெல்வெற் துணிக்குள் சுற்றுப்பட்டுக் கிடந்ததாம். கண்ணாடி வெடித்திருக்கிறது. கொண்டுவந்து தந்த யசிந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

லிஃப்டில் அகஸ்ரினின் மனைவியைக் கண்டேன். சாவி வைத்திருக்கிறபடியால் அங்கே எல்லாரும் அவரைத்தான் பிழை சொல்கிறார்களாம். அவரோ, என்னுடைய சொல்லை நம்பி, "அவை அப்பிடிச் செய்யிற ஆக்கள் இல்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். நான் எத்தனையாம் மாடிக்கு அமத்தினேன் என்பதே மறந்துபோய் நின்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குணவதி, அலுமாரிக்குப் பின்னாலை விழுந்து கிடந்தது எண்டு சொல்லிக் குடுத்துவிடு. ஆருக்குத் தெரியப்போகுது? சம்பந்தியின்ர காதிலை விழுந்தால் எங்களுக்குத்தான் வெக்கம்" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கேட்டுக்கொண்டிருந்த துஷானி, "அம்மா, சீரியஸ்லி? அது அவவின்ர பிரதர்" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

பொய்யோடுதான் போனேன். அலுமாரிக் கதையை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டொரதி எனக்கு முன்னமே வந்துவிட்டா. சின்ன உருவம், நீலச் சட்டை. படம் இல்லாத ஆணிக்குக் கீழே கதிரையைப் போட்டு, அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு இருந்தா. அதைக் கண்டபிறகு என்னால் முடியவில்லை. படத்தை அவவின் மடியில் வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் கழற்றச் சொன்னது. நான்தான் பொய் சொன்னது. அகஸ்ரினுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல காரியத்தில் செத்தவர்களின் முகம் படக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு பயம்.

வெடித்த கண்ணாடிக்கு மேலால் அவனுடைய தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "இவன் யாருடைய கலியாணத்தையும் பார்க்கவில்லை. என்னுடையதைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் மகளுடையதைப் பார்க்க விட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அகஸ்ரின் வாசல்வரைக்கும் வந்தார். "உங்களை நம்பித்தானக்கா நான் அவையளுக்கு முன்னாலை நிண்டு கதைச்சனான்." அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அகஸ்ரின் வாங்கி மாட்டினார். "சரி" என்றார்.

ஜூலை 12, சனி

கலியாணக் கார்ட் கொடுக்கத் தொடங்கியாயிற்று. முதலில் அகஸ்ரின் வீடு. கதவைத் திறந்தவர் கார்டை வாங்கிக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அரை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். டொரதியின் வீட்டுக்கும் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

டொரதியிடம் கார்டை நீட்டி, தமையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவ கார்டைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு இருந்தா. வருவாவோ தெரியாது.

வீட்டில் இவர், "உனக்கென்ன விசரோ?" என்றார். சம்பந்திக்கு என்ன சொல்வதாம். எனக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கலியாணம் முடிந்தது.

டொரதி வந்தா. லீஜனில் கேட்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு அகஸ்ரின் காரில் கூட்டிவந்தார். முன்வரிசையில், எங்கள் ஆட்களோடு இருத்தினேன். பக்கத்துக் கதிரையில் பில்லி. கெட்டிமேளம் கேட்டதும் அவ படத்தைத் தூக்கி மடியில் நிமிர்த்தி, மணவறைப் பக்கம் திருப்பிப் பிடித்தா.

சம்பந்தி கண்டுவிட்டா. என் பக்கம் சரிந்து, "ஆர் உந்தப் படத்திலை இருக்கிற பெடியன்?" என்றா.

"பொம்பிளை வீட்டுப் பகுதி" என்றேன்.