அத்தை என்று ஓர் எழுத்துரு

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுநாளும் ‘ழ’வின் வாலோடு போனது. காலையில் தூக்கினேன், மதியம் இறக்கினேன், சாயங்காலம் காலையில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். களைப்பு மட்டும் நிஜம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “முன்ன இருந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“வால்ல ஒரு நளினம் வந்திருக்கு பாரு.”

“ம்” என்றாள். அந்த ‘ம்’முக்கு ஓர் எழுத்துரு செய்தால் நன்றாக விற்கும்.

வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக இந்த எழுத்துருதான். பழைய பத்திரிகை அட்டைகளில் வருமே, அந்த மாதிரித் தலைப்பு எழுத்து. பருத்த உடம்பு, மெல்லிய கழுத்து, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குதிகால். பெரிதாகப் போட்டால் ராஜகளை. சின்னதாகப் போட்டால் மை கொட்டின மாதிரி இருக்கும்.

மார்ச் 12, புதன்

பெயர் கிடைத்துவிட்டது.

மாடியில் இருக்கும் அத்தை — அப்பாவின் அக்கா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் அவள்தான் சொந்தக்காரி — கார் சாவியைத் தேடிக்கொண்டு கீழே வந்தாள். இடுப்பில் கை வைத்து வாசலை அடைத்து நின்றாள். திரையில் என் ‘அ’. வாசலில் அத்தை. அப்படியே அச்சு.

“அவங்களைக் கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

இதில் கேட்க என்ன இருக்கிறது? எந்த அத்தைக்குக் கிடைக்கும் இந்தக் கௌரவம்?

மார்ச் 28, வெள்ளி

‘அத்தை’யை இணையத்தில் விற்பனைக்கு வைத்தாயிற்று. விளம்பரக் குறிப்பும் நானே எழுதினேன். என்ன ஒரு நடை எனக்கு.

மார்ச் 30, ஞாயிறு

ஒருவர் வாங்கியிருக்கிறார். யாரென்று பார்த்தேன். என் மனைவி.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு சோபா கடைக்காரர் வாங்கிவிட்டார். பஸ்ஸின் முதுகில், பெரிதாக, ‘சாய்ந்துகொள்ளுங்கள்’ — என் எழுத்தில். ஸ்கூட்டரில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டே போனேன். கடைசி சீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அத்தையிடம் கார் கற்றுக்கொள்ளும் பேங்க்காரரையும் விடவில்லை. போனில் தேடிப் பார்க்கிறேன் என்றார்.

ஏப்ரல் 9, புதன்

தேடிப் பார்த்து அத்தையிடம் காட்டிவிட்டார்.

அத்தை கீழே வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாக வாசித்தாள்.

“‘தடித்த அத்தை, மிகத் தடித்த அத்தை என இரு வகைகளில் கிடைக்கும். நெருக்கமான இடத்தில் வைத்தால் மூச்சு முட்டும். அத்தையைத் தூரத்திலிருந்து பார்ப்பதே உத்தமம்.’”

கண்ணாடியைக் கழற்றினாள். “நீயா எழுதினே?”

“அது எழுத்தைப் பத்தி, அத்தை.”

“பேரு யாரைப் பத்தி?”

அவள் படியேறிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சே, என்ன ஜென்மம் நான். படிக்கிறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு ரெண்டு வருஷமா வாலைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினவனுக்கு இது தோணலையே.

மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிகிறது — கார் கற்க வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அத்தையை ‘ரோடு ரோலர்’ என்பார்களாம்.

“அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன. காதுல விழாத மாதிரி கியரை மாத்தச் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளேர்ந்தே வரும்னு நினைக்கல, அவ்வளவுதான்.”

ஏப்ரல் 11, வெள்ளி

பெயரை மாற்றிவிட்டேன். ‘பழமை’. மூட்டுவலித் தைலம் மாதிரி இருக்கிறது. குறிப்பையும் எடுத்துவிட்டேன். மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“வாங்க. உக்காருங்க” என்றாள் அத்தை.

நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக எனக்கு ‘ங்க’ போடுகிறாள். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 19, சனி

அத்தையே கூப்பிட்டாள். காரில் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னாள். வண்டியைக் கிளப்பவில்லை.

“என் பேரை எதுக்கு வெச்சே? விளம்பரப் பேச்சு வேண்டாம். சும்மா சொல்லு.”

“அன்னிக்கு வாசல்ல நின்னீங்க. தரையை நல்லா மிதிச்சுக்கிட்டு, யாரு வந்தாலும் நகர மாட்டேங்கற மாதிரி. என் எழுத்து அப்படி நிக்கணும்னுதான் இத்தனை நாளா முட்டி மோதினேன். வேற பேரு தோணல.”

மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். நல்ல காட்சி. வெளியே பேங்க்காரர் தன் வகுப்புக்காகக் காத்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

அத்தை பின்கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள்.

“அதை எழுதறதுக்கு உனக்கு என்ன கேடு?”

கையை நீட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“இறங்கு. அவருக்கு நேரமாச்சு.”

ஏப்ரல் 21, திங்கள்

காரில் சொன்னதையே புதுக் குறிப்பாக எழுதி அத்தையிடம் கொடுத்தேன். இந்த முறை கேட்டேன்: உங்கள் பெயரைத் திரும்ப வைக்கலாமா?

“பாப்போம்.”

மே 6, செவ்வாய்

குளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் போன் அடித்தது. சாவி தேடி வந்த அத்தை எடுத்தாள். சோபா கடைக்காரர் யாருக்கோ பழைய பெயரைச் சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

“ஆமா, அத்தைதான் பேசறேன்.”

தலையெல்லாம் சோப்போடு கதவில் காதை வைத்தேன்.

“எதுல போடப் போறீங்க? ... மருந்து பாட்டில் லேபிளா? அவ்வளவு பொடியாவா? வேண்டாம்ப்பா. என்னைக் குறுக்கிப் போட்டா ஒருத்தருக்கும் படிக்க வராது. வேற எதையாவது வாங்கிக்கோங்க.”

ஒரு வாடிக்கையாளர் போனார்.

துண்டோடு வந்து, முதல் வேலையாக ‘பழமை’ என்ற பெயரை அழித்தேன்.