கம்ப்ரசர் ஓடிப்போகவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். நீயும், ஆறு மாதமாக உன் வயிற்றில் குடியிருப்பவரும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான். கொண்டுவந்து கொடுப்பவர் என் சிநேகிதர், பஸ் டிரைவர். நீ கடைசி வரி படிக்கும்வரை வாசலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்த மனுஷர். ஒரு நாற்காலி போட்டுவிட்டு வந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குக் கிளம்பும்போது நம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் நாய்க்குட்டி விளையாட்டாக உன் கணுக்காலைக் கவ்வி, ஒரு பொட்டு ரத்தம் வந்ததே, விஷயம் அதுதான். நேற்று போனில் நான் ஊசி என்று ஆரம்பித்ததுமே, "இன்னொரு தடவை மருந்துன்னு பேசினா போனையே எடுக்க மாட்டேன்ப்பா" என்றாய். சொன்னபடி எடுக்கவும் இல்லை. வாக்குத் தவறாத பிள்ளையை வளர்த்திருக்கிறேன், யாரைக் குறை சொல்வது. மாப்பிள்ளையும் வேலையாக வெளியூரில். அம்மா மெசேஜ் அனுப்பச் சொன்னாள். என் விரல் ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று வந்து நிற்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

போனில் ஒரு பொய் சொன்னேன். அந்தக் குட்டி, நம் கம்ப்ரசர், எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்றேன். ஓடிப்போகவில்லை அம்மாடி. வியாழக்கிழமை செத்துப்போய்விட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன். இப்போது நீ பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறாயே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய ஃபிரிட்ஜ்களின் சூட்டில் போய்ச் சுருண்டுகொண்டு, தூக்கத்தில் உர்ரென்று சீராக ஓடுகிறதே என்று நீதானே அதற்குக் கம்ப்ரசர் என்று பெயர் வைத்தாய். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் மாறிவிட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை, மேஜையின் இரும்புக் காலைப் போய்க் கடித்தது. முப்பது வருஷமாகக் கெட்ட மோட்டாரைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவன் நான். எனக்கு உறைக்கவில்லை. வயிற்று வலியாக இருக்கும் என்று கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைத் தையல்கார அக்காதான் பார்த்துவிட்டு, "வாய் தொங்குது, எச்சில் ஒழுகுது, நீங்க பக்கத்துல உக்காந்து பால் ஊத்துறீங்க. அதுக்கு மட்டும்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கா, இல்ல உங்களுக்குமா?" என்று கத்தினார். கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். அங்கிருந்து ஆள் வருவதற்குள் அது போய்விட்டது. வெறிநோயா என்று பார்க்கச் சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வரச் சில நாள் ஆகுமாம். முடிவுக்காகக் காத்திருக்காமல், கடிபட்டவர்கள் உடனே போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். கடிபட்டது இரண்டு பேர். பால் கிண்ணத்தை நீட்டும்போது கவ்விய என் கட்டைவிரலும், உன் கணுக்காலும்.

நேற்றுக் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நடந்ததைக் கேள். எந்த நோயாளியும் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று நர்ஸம்மா எனக்குக் கேள்வி மெக்கானிக் என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

முதலில் கழுவச் சொன்னார். கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். ஒரு நிமிஷம் என்றேன், அதுவும் கொஞ்சம் கூட்டித்தான். "பதினஞ்சு நிமிஷம். சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில. கடிச்சு எத்தனை நாள் ஆனாலும் சரி" என்று என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். எண்ணெய், பவுடர், பொடி எதுவும் வைக்கக் கூடாதாம். நீ முகப்பவுடரை அள்ளி அப்பினாயே, அதைச் சொன்னபோது அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கூட வந்த உன் அம்மாவோ, "கல்யாணத்தன்னைக்குக்கூட இவர் இவ்வளவு நேரம் சோப்புப் போட்டிருக்க மாட்டார்" என்று அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு நானாகவே கட்டிலில் படுத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றைக் காட்டினேன். நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு என்றுதானே சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். "அந்தக் காலம் எப்பவோ போயிருச்சு, தொந்திய மூடுங்க" என்றார். இப்போது மேல் கையில்தான். இடுப்பில் போட்டால் சரியாக வேலை செய்யாதாம், அதனால் யாராவது அங்கே போட வந்தால் நீ சும்மா இருக்காதே. எனக்கு மொத்தம் ஐந்து. அட்டையில் முதல் கட்டத்தில் 0 என்று போட்டிருக்கிறது. இன்றைக்குத்தானே போட்டீர்கள், இது எப்படிப் பூஜ்யம் என்று கேட்டேன். இன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம், அடுத்தது மூன்றாம் நாள், அப்புறம் ஏழு, பதினாலு, இருபத்தெட்டு என்றார். உங்கள் அளவுநாடா எதிலிருந்து ஆரம்பிக்கிறது என்று திருப்பிக் கேட்டார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்தக் கூடாதாம்.

கட்டைவிரலில் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போட்டார்கள். அது வலித்தது, மறைக்க மாட்டேன். தடுப்பூசி உடம்பைத் தயார் செய்யச் சில நாள் பிடிக்கும், அதுவரை காயத்திலேயே நின்று காவல் காப்பது இந்த மருந்து என்றார். கடித்து ரத்தம் வந்திருந்தால் இரண்டும் வேண்டும். உனக்கும் ரத்தம் வந்தது. நீ கேட்டு வாங்கு.

ஊசிக்குள்ளேயே கிருமியை வைத்துப் போடுகிறீர்களே, அது எழுந்து வேலையைக் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொன்றுவிட்ட கிருமியாம். கடையில் நான் செத்த மோட்டாரைப் பிரித்து, தொழில் படிக்க வந்தவர்களுக்குக் காட்டுவேன் இல்லையா, யாருக்காவது ஷாக் அடித்திருக்கிறதா? அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். நர்ஸம்மாவும் ஒப்புக்கொண்டார். நேற்று இரவு லேசாகக் காய்ச்சல், கையில் கொஞ்சம் வலி. இன்றைக்கு இல்லை.

இனி நான் செய்த அசட்டுத்தனம். நீதான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாயே, மருந்தையே வாங்கி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். இன்று காலை மருந்துக்கடையில் கெஞ்சி ஒரு ஊசி மருந்து வாங்கி, டிரைவரிடம் கொடுத்துவிட ஐஸ்பெட்டியில் அடைத்தேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக் கட்டிய ஐஸ்பெட்டி, சாமானியமாக இருக்குமா? கீழே ஐஸ், மேலே ஐஸ், பக்கத்தில் ஐஸ். பெருமையாகக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, "உறைஞ்சே போச்சு. இத இனி யாருக்கும் போடக் கூடாது" என்று வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியதாம். அந்த ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜை ரிப்பேர் செய்தவனே நான்தான். முள் இரண்டுக்குக் கீழே போகக் கூடாது என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் தலையாட்டியவனும் நான்தான். இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் இன்னும் நல்லது என்று என் மூளைக்குத் தோன்றியிருக்கிறது.

யாருக்கு அனுப்ப இருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இந்த ஊசி போடலாமா, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். தாராளமாகப் போடலாம், இரண்டு மருந்துமே போடலாம், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, போட்டே ஆக வேண்டும் என்றார். ஆறு நாள் ஆகிவிட்டதே என்றேன். "ஆனா என்ன, இப்பவே போகச் சொல்லுங்க. நோய் வெளிய தெரியிறதுக்கு முன்னாடி போட்டா காப்பாத்தலாம். தெரிஞ்ச பிறகு..." என்று நிறுத்திக்கொண்டார். அங்கேயே உனக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

நீ ஏன் மருந்து என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன தடவை நீ உண்டாகியிருந்து, உனக்குக் காய்ச்சல் வந்தபோது யாரையும் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான். அடுத்த வாரம் பிள்ளை தங்காமல் போனது. நீ என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தலைவலிக்குக்கூட இப்போது நீ எதுவும் போடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த மாத்திரையின் பெயரை டாக்டரம்மாவிடம் சொல்லிக் கேட்டேன். அதனால்தான் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். அவர் நல்லவர்.

அதனால் என் பேச்சைக் கேட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பேச்சைக் கேட்காதே. கூட ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், டாக்டரம்மா தன் கையால் எழுதியது. அதை உன் டாக்டரிடம் காட்டி, மனசில் இருப்பதையெல்லாம் கேள். என்னைவிட நன்றாகக் கேட்பாய். கேட்டுவிட்டு இன்றைக்கே, இந்தக் கடிதத்தை மடித்த கையோடு போட்டுக்கொள். கிளம்புமுன் கணுக்காலைக் கழுவு, பதினைந்து நிமிஷம். டிரைவர் துணைக்கு வருவார். இது உன் கைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை, அவசரப் பிரிவு அன்றைக்கும் உண்டு.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போ. எல்லோரும் வரப்போகிற பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் எனக்குப் பிள்ளை நீதான். நீ முதலில் நன்றாக இரு அம்மாடி.

இப்படிக்கு,
உன் அப்பா