தாகம் என்றால் கதவு திறந்த ஊர்

மேகம் இறங்கி இளைப்பாறும் சுனைக்கோட்டு மலையூரின் தலைவி எயினி, பொன்னிலை மாநகரத்துப் பேரமைச்சர், மதிமிக்க அருவந்தையார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மன்னர் நெடிது வாழ்க. தங்கள் கோட்டைக் குளங்கள் நிறைந்திருக்க. எங்கள் நலம் விசாரித்து எழுதியிருந்தீர்கள். விசாரித்தவரையே ஐயுற வேண்டி வந்ததே என்று நெஞ்சு எரிகிறது.

எங்கள் ஊர் வழக்கம் தாங்கள் அறிந்ததே. வாசலில் நின்று எவர் 'தாகம்' என்றாலும், பெயரும் ஊரும் கேளாமல் கதவைத் திறந்து நீர் தருவோம். படுக்கப் பாயும் தருவோம். மலையில் வழி தவறியவருக்காக முன்னோர் வைத்த சொல் அது. இந்த வேனிலில் தங்கள் நகரத்திலிருந்து அருவி பார்க்க வந்த கூட்டமோ, பொழுது விடிந்தால் தெருவெங்கும் 'தாகம், தாகம்' என்று கூவுகிறது. குடிக்கக் கொடுத்த நீரில் கால் கழுவுகிறார்கள். எங்கள் பாயில் படுத்துக்கொண்டு எங்களையே அதட்டுகிறார்கள். அருவி விழுவது மலையடியில்; மேலே ஊருக்கு இருப்பது ஒரே சுனை. அதில் இப்போது சேறுதான் தெரிகிறது.

என் மகள் ஐயைக்குப் பேறு நேர்ந்த அன்று, பிள்ளையைக் கழுவ வீட்டில் ஒரு குடம் நீரில்லை. அடுத்த வாசலில் போய் 'தாகம்' என்று நானே நின்றேன். ஊர்த்தலைவி நான்! உள்ளே கிடந்த தங்கள் நகரத்தார், இங்கே இடமில்லை, வேறு வீடு பார் என்று என்னை விரட்டினர். மலையடி ஓடையிலிருந்து நீர் வரும்வரை என் பேத்தி குருதி கழுவாமல் துணியில் கிடந்தாள்.

அச்சொல்லை இவர்களுக்குச் சொன்னது யார்? முதலில் உப்பு வணிகரை ஐயுற்றேன். பிறகு வழிகாட்டப் போகும் எங்கள் ஆட்களையே ஐயுற்றேன். கடைசியில் வந்தவன் ஒருவனை மடக்கிக் கேட்டேன். பொன்னிலைக் கோட்டை வாயிலில் அரச முரசு அறைந்து, சுனைக்கோட்டில் ஒரு சொல் சொன்னால் எல்லாம் இலவசம் என்று அறிவித்ததாக அவன் கூறினான். உங்கள் நகரத்தில் அச்சொல்லை அறிந்தவர் ஒருவரே. சென்ற ஆண்டு வேட்டைக்கு வந்து வழி தவறி, என் வாசலில் நா வறண்டு நின்றவர்; அவர் நீரே, அருவந்தையாரே. வேனிலில் தலைநகர்க் கூட்டத்தைக் கழித்துவிட வழி தேடினீரோ, எங்கள் மலைமேலேயே கண் வைத்தீரோ, அறியேன். இனி எதுவும் செய்வீர் என்றே நினைக்கிறேன்.

ஆதலால் ஊர் கூடி அச்சொல்லை மாற்றிவிட்டோம். புதுச் சொல்லை இவ்வோலையில் எழுதவில்லை. கொண்டுவரும் தூதனுக்கும் சொல்லவில்லை. நிறைமதி நாளில் பரிவாரத்தோடு அருவி காண வருவதாக எழுதியிருந்தீர். தாராளமாக வருக, குடிநீரைச் சுமந்துகொண்டே வருக. என் வாசலில் நின்று நீர் எத்தனை முறை 'தாகம்' என்றாலும் கதவு திறவாது.

அரக்கு இருந்தும், சுனையில் மிஞ்சிய சேற்றிலேயே முத்திரை பதித்தேன்.

எயினி.