கண்ணை மூடி எண்ணிய வளைவுகள்

ஒண்டிக்கடை, ஏற்காடு
20.4.1987

அன்பு மகன் பொன்னுவேலுக்கு அம்மா எழுதுவது. சேர்வராயன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை ராசாத்தியும் சுகமாக இருக்கிறோம். நீயும் பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது. இங்கே ஒரு மழை பெய்து காப்பி பூத்துவிட்டது. மலை முழுக்க மணக்கிறது, கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் டீயை விட்டுவிட்டுப் பூவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அப்பாவுக்குக் கோபம்.

ராசாத்திக்குக் கணக்கு ஏறவில்லை என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுங்கள், ஏன் அந்தப் பிள்ளையைப் படுத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். பாசத்தில்தான் எழுதினாய், தெரியும். ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய டீச்சரும் அதையேதான் சொல்லியிருந்தார், இந்தப் பரீட்சையிலும் பத்துப் பாசிமணியை எண்ணிக் காட்டாவிட்டால் மூன்றாம் வகுப்பு கிடையாது, ஊட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று. பாட்டு சொல்கிறாள், பஸ் போர்டு படிக்கிறாள், அடுத்த ஊட்டுச் சண்டையை வரி விடாமல் ஒப்பிக்கிறாள், ஐந்து மணியை வரிசையாக வைத்தால் ஒரு தடவை நாலு என்கிறாள், ஒரு தடவை ஏழு என்கிறாள். நானும் இரண்டு வருஷமாக அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு மணியாகத் தொட வைத்துத்தான் பழக்கினேன். நான் பிடிக்கப் பிடிக்க அந்தக் கை இன்னும் முறுக்கிக்கொண்டது.

போன மாசம் கை கால் பயிற்சிக்கு அவளைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். திரும்பி வரும்போது வழக்கம்போல் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, கண்ணை மூடி என் மடியில் படுத்துக்கொண்டாள். பாதி மலையில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ்ஸை நிறுத்தினார்கள். உன் அப்பா சும்மா இருக்காமல், எத்தனை வளைவு ஆச்சு சாமி என்று கேலியாகக் கேட்டார். பதினொண்ணுங்கப்பா என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் வளைவில் நட்டிருந்த நம்பர் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டேன். பதினொன்றேதான். பஸ் சாயச் சாய அவள் உடம்பிலேயே எண்ணியிருக்கிறாள்.

அடுத்த தடவை போனபோது பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னேன். மூளைவாதம் இருக்கிற பிள்ளைகளில் பல பேருக்கு இப்படி இருக்குதுங்க என்றார். கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவதிலேயே புத்தி முழுதும் செலவாகிவிடுகிறதாம், கண்ணும் வரிசையில் நிற்காமல் தாவுகிறதாம், எண்ணிக்கையை எங்கே நினைவில் வைப்பாள் என்றார். ஒவ்வொன்றாகக் கொடுத்து, எண்ணினதை ஒதுக்கிவிடச் சொன்னார். இவ்வளவு நாள் நான் உதவி என்று செய்ததுதான் அவளுக்கு உபத்திரவம்.

பரீட்சை அன்று பெரிய டீச்சர் மணியை வரிசையாக வைத்தார், இவள் வழக்கம்போல் உளறினாள். ஏனுங்க டீச்சர், ஒருவாட்டி டப்பாவுல ஒண்ணொண்ணாப் போட்டுப் பாருங்க, அவ காதால எண்ணுவா என்று கெஞ்சினேன். அவரும் நல்ல மனுஷி. பால் டப்பாவில் டக் டக்கென்று போட்டார், வேண்டுமென்றே பத்தைத் தாண்டியும் போட்டார். இவள் கண்ணை மூடிக்கொண்டு பதினாலுங்க டீச்சர் என்றாள். நொம்ப சரி கண்ணு என்று கன்னத்தைத் தட்டி மூன்றாம் வகுப்பில் எழுதிக்கொண்டார். இனிமேல் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலேட்டில் எழுதினால் பத்தின் இலக்கமும் ஒன்றின் இலக்கமும் இடம் மாறித்தான் நிற்கின்றன, கழித்தலுக்கு இன்னும் முழிக்கிறாள். அதற்கும் ஒரு வழி இருக்கும், தேடிக்கொள்வோம்.

இப்போது உன்னிடம் ஒரு விஷயம். வைகாசியில் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதினாய் அல்லவா, அதுவரை உள்ள நாளுக்கு அப்பா ஒரு டப்பாவில் காப்பிக்கொட்டை போட்டு வைத்திருக்கிறார். காலையில் ஒன்றை எடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி எண்ணுகிறாள். எண்ணி முடிக்காமல் அவரைக் கடைக்கு விடுவதில்லை. பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்காதபோது, அண்ணன் நாளைக்கு வந்துருவான், நாளைக்கு வந்துருவான் என்று மாசக்கணக்கில் சொல்லிச் சமாளித்தோம், பாவம் அவளும் நம்பினாள். இனி அது செல்லாது.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் சேர்வராயன் கூடவே நிற்பான். லீவு விஷயத்தை இப்போதே மேலதிகாரியிடம் சொல்லி வை. டப்பா காலியாகும் அன்றைக்கு நீ வாசலில் நிற்க வேண்டும் சாமி.

உன் அம்மா
தேவானை